மீன் ஐஸில் போன இரத்தம்

போர்க்காலம். பேசாலையில் மீன் வியாபாரம் செய்த என் கணவருக்கு அவருடைய தங்கை தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருந்தாள். அது நன்றாக வேலை செய்ததால் நோய் தீர்ந்ததென்றே இருந்தோம். கொழும்பு டொக்டர் மட்டும், "கிட்னி மாத்தின ஆக்களுக்கு இனி இதயம்தான் பயம். இரத்தத்தில கொழுப்புப் பாக்காமல் விடாதேங்கோ" என்று எச்சரித்தார்.

அடுத்த முறை கொழும்பு போக என் கணவருக்கு இராணுவம் பயண பாஸ் கொடுக்கவில்லை. ஊரிலேயே இரத்தம் எடுப்பித்து மீன் லொறியில் அனுப்பினோம். குழாயை அவரே ஐஸுக்குள் புதைத்து, குளிர் ஏறட்டும் என்று உப்பும் தூவினார்.

"பழுதாகாதோ?" என்றேன்.

"பாரை மீனே பழுதாகாமல் போகுது. நீ பயப்பிடாத."

லொறிக்காரர் திரும்பி வந்து, "இரத்தம் ஐஸில உறைஞ்சு கெட்டுப்போச்சாம், அக்கா. புதுசா எடுக்கட்டாம்" என்றபோது எங்கள் வாசலில் சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. நெஞ்சுவலி முந்திவிட்டது.

இப்போது ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கும் அவருடைய தங்கையை, என் மச்சாளை, இரத்தப் பரிசோதனைக்கு நானே பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். கொழுப்பையும் பார்க்கச் சொல்கிறேன். வழியில் ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள்:

"நான் குடுத்தது கடைசிவரைக்கும் வேலை செய்ததுதானே, மச்சாள்?"

"ஓம்" என்பேன்.