கேட்காமல் வைத்த கைநாட்டு

வக்கீல் தொழிலில் சட்டப் புத்தகம் கற்றுத் தராததைக் கட்சிக்காரர்கள் கற்றுத் தருவார்கள். தட்சிணையாக நம்முடைய கர்வத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பொன்னேரி முன்சீப் கோர்ட்டில் கறுப்பு அங்கி அணிந்த ஒரே பெண் நான். ஆகவே கொடுப்பதற்கு என்னிடம் கர்வம் நிறையவே இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாம் விழித்துக் கிடக்க, நம் உடம்பைப் பற்றி நம்மைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசிவிட்டுப் போன டாக்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இது அத்தகைய ஒருத்தியின் வழக்கு.

பத்தடி பின்னால்

தேசம்மாவை அழைத்து வந்தவர் என் குமாஸ்தா சாயபு. பழவேற்காட்டில் அவருடைய குடும்பத்துக்குக் கருவாட்டு வியாபாரம். தேசம்மா அதே கரையில் மீன் விற்பவள். முப்பது வயது இருக்கும். வயிற்றில் கட்டி என்று பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நான்கு நாள் நல்ல நினைவோடு படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டியோடு கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். அப்படி எடுக்க நேரும் என்று கணவன் ஏழுமலையிடம் முன்னரே சொல்லி, படிவத்தில் அவனுடைய கைநாட்டையும் வாங்கியிருந்தார்கள். அவளிடம் டாக்டரும் சொல்லவில்லை, கணவனும் சொல்லவில்லை.

மாதவிலக்கு நின்றதும், கரு தங்கிவிட்டது என்று அவள் முதலில் மகிழ்ந்திருக்கிறாள். பிறகு சந்தேகம் வந்து வெள்ளிக்கிழமை விரதம் இருந்து, அம்மனுக்குக் கூழ் வார்த்து, எட்டு மாதம் கழித்துப் பட்டணத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். அவர் கேட்ட கேள்வி, "இது உனக்குத் தெரியாதா?" என்பதுதான். அன்றைக்கு ஏழுமலையோடு பேச்சை நிறுத்தியவள் என்னிடம் வந்தபோதும் பேசாமலே இருந்தாள். அவன் மட்டும் அவள் எங்கே போனாலும் பத்தடி பின்னால் குடையோடு வந்தான். என் அலுவலகத்துக்கும் வந்தான். உள்ளே நுழையாமல் வாசலில் நின்றான்.

உடம்புக்கு நேர்ந்த தீங்குக்கு வழக்குத் தொடர அந்நாளில் ஓராண்டுதான் கெடு. நான்கு மாதமே மிச்சம். "நஷ்டஈடு கிடைத்தாலும் போனது திரும்பாது. எதற்காக வழக்கு?" என்று கண்டிப்பாகவே கேட்டேன். அவள் சொன்னாள்: "துட்டு கெடக்குது, வக்கீலம்மா. அவளை ஏன் கேக்கலன்னு அந்த டாக்டர ஒரு பெரிய மனுசன் கேக்கணும். அத நான் நின்னு பாக்கணும்."

பிராதின் முதல் வரி

பிராதின் முகப்பில் வாதி இன்னார் என்று எழுதவேண்டும். பெண்களுக்கென்று எங்களிடம் தயாராக ஒரு வரி உண்டு: "இன்னார் மனைவி, கணவனின் ஆதரவில் வாழும் இல்லத்தரசி." நூறு பிராதுகளில் எழுதிய கை, நூற்று ஒன்றாவதிலும் எழுதியது. தாக்கல் செய்யுமுன் மற்ற ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லி, சரிதானா என்று அவளைக் கேட்டேன். முகப்பு வெறும் சடங்கு என்று அதைத் தாண்டிவிட்டேன்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், தலை நரைத்த அனுபவசாலி, அந்த வரியைத்தான் எடுத்தார். "கணவனின் ஆதரவில் வாழ்பவள் என்று நீயே பிராதில் சொல்லியிருக்கிறாய். ஆதரிப்பவன் உனக்காக அனுமதி கொடுத்தால் என்ன தவறு?" கூண்டில் நின்ற தேசம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "விடிகாலைல கூடைய தலைல தூக்கினா பொழுது சாயறவரிக்கும் எறக்கறதில்ல. நான் அப்படிச் சொல்லல சாமி" என்றாள். எழுதியவள் நான், பிழை என்னுடையது என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். முன்சீப் திருத்த அனுமதித்தார். தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீகூட என்னக் கேக்காமதானே எழுதிட்ட, வக்கீலம்மா."

அழுவதற்கு ஒரு நாள்

இத்தகைய வழக்குகளில் கோர்ட்டு வைத்தியம் பார்ப்பதில்லை. இரண்டே கேள்விகளைப் பார்க்கும்: அறுவை முறையாக நடந்ததா, அதற்கு அனுமதி இருந்ததா? முதல் கேள்விக்குச் சாட்சி சொல்ல வேறொரு டாக்டர் வந்தார். அந்த நிலையில் தானும் கருப்பையை எடுத்திருப்பேன் என்றார். நானே அதை நம்பினேன். கூடவே, நான்கு நாள் காத்திருக்க முடிந்த நோய் அது என்றும் அவர் சொன்னார். ஆக, அவளைக் கேட்க நேரமில்லை என்று யாரும் சொல்வதற்கில்லை. மிஞ்சியது இரண்டாவது கேள்வி.

அதை முளையிலேயே கிள்ள எதிர்த்தரப்பு வக்கீல் முன்பே முயன்றிருந்தார். தேசம்மா கூண்டில் நின்ற அன்றே, "உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும், வழக்குப் பலப்படும். அவளோ, "சரின்னுதான் சொல்லியிருப்பேன். உசுரு வெல்லமாச்சே" என்றாள். வக்கீல் முன்சீப்பின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "பிறகு உனக்கு என்னதான் நஷ்டம்?" அவள் கூண்டின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஒரு நாளு நல்லா அழுதுட்டு சரின்னு சொல்லியிருப்பேன் சாமி. அந்த ஒரு நாள எனக்குக் குடுக்காம பூட்டாங்க."

கடலும் கரையும்

அனுமதியை நிரூபிக்க, டாக்டரின் சாட்சியாக ஏழுமலையையே கூண்டில் ஏற்றினார்கள். கைநாட்டு தன்னுடையதுதான் என்றான். மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "சொன்னா வோணாம்னுடுவாளோன்னு பயம். சாவறதுக்கு பயந்தது அவ இல்லம்மா, நானு" என்றான். தேசம்மா முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். நான் அத்துடன் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீலும் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். பதில் தெரியாத கேள்வியைக் கூண்டில் கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்; அவர் அன்று அதை மறந்தார். "உங்கள் குடும்பத்தில் முடிவெடுப்பவன் நீதானே?" என்று எழுந்து கேட்டார். ஏழுமலைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "கடல்ல நானு, சாமி. கரையில அவதான். எங்காளுங்க எல்லார் ஊட்லயும் அப்படித்தான்" என்றான். முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரி கடலிலா இருக்கிறது, கரையிலா?" என்று கேட்டார். "கரையிலதான்" என்றவனுக்கு அப்போதுதான் தான் செய்தது முழுதாக உறைத்தது, தலையைக் குனிந்துகொண்டான். என் பின்னால் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த சாயபு முணுமுணுத்தார்: "இவன் சொல்ற வெலைக்கு எங்கண்ணன் ஒரு கூடை நெத்திலி வாங்கமாட்டாரும்மா, ஒரு கருப்பைய எப்படி வாங்கினாங்க?"

தீர்ப்பு நாள்

முன்சீப் தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்தார். டாக்டரின் கத்தியில் குற்றமில்லை. ஆனால் பேசும் வாயுள்ள நோயாளி நான்கு நாள் படுத்திருக்க, அவளை விட்டுவிட்டு இன்னொருவரின் கைநாட்டை வாங்கியது அவளுக்கு இழைத்த தீங்கு. கணவனின் சொல் மனைவியின் சம்மதம் ஆகாது. நாங்கள் கேட்டதைவிடக் குறைந்த நஷ்டஈடே கிடைத்தது. பிறகு முன்சீப் டாக்டரை நிமிர்ந்து பார்த்து, தமிழிலேயே, "அந்த அம்மாளை ஏன் கேட்கவில்லை?" என்றார். தீர்ப்பு முடிந்த பின் கேட்கவேண்டிய அவசியமே இல்லாத கேள்வி. தேசம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பின் நகலுக்கு விண்ணப்பம் எழுதி, கைநாட்டுக்காக மை டப்பாவை நீட்டினார் கோர்ட்டு குமாஸ்தா. பழக்கதோஷம்; நீட்டியது ஏழுமலையிடம். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தேசம்மா டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலை அழுத்தி, தாளில் பதித்தாள். மை ஒட்டிய விரலை எதில் துடைப்பது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு அவன் தோளில் கிடந்த துண்டின் முனையை இழுத்து, அதில் நிதானமாகத் துடைத்தாள். சாயபு கண்களைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆகவே மின்விசிறியைப் பார்த்தேன். மாதக்கணக்கில் அவனோடு பேசாதிருந்தவள் பேசினாள்: "இன்னாய்யா மரமாட்டம் நிக்கிற? வா, நாஷ்டா துன்னுகினு போவலாம்."

அந்த டாக்டர் அதற்குப் பிறகு நோயாளிகளைக் கேட்கத் தொடங்கினாரோ இல்லையோ நான் அறியேன். பிராதின் முதல் வரியைக் கட்சிக்காரரைக் கேட்டே எழுதும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது, அதனால் என் பிராதுகள் எப்போதும் கெடுவின் கடைசி நாளில்தான் தாக்கலாயின.