பனிக்குள்ளே ஒரு கைகுலுக்கல் கணக்கு

இன்னிக்கு எங்க மலையூர் கரியாலூர்ல மதியமே பனி இறங்கிடுச்சு. ஜன்னல் வழியா வகுப்புக்குள்ளயும் வந்துடுச்சு. கரண்டும் இல்ல. கரும்பலகை தெரியல, என் பிள்ளைங்க முகமும் தெரியல.

கணக்குப் போட்டிக்கு எங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒருத்தரைத்தான் அனுப்பணும். ஆனா நான் இங்க வந்த இந்த ஒரு மாசமா எது கேட்டாலும் எல்லாத் தலையும் குனிஞ்சுக்கும். யார் குரலும் எனக்குப் பழக்கமில்ல.

சும்மா நிக்காம வாயாலேயே கேட்டேன்: "பத்துப் பேரு ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கினா, மொத்தம் எத்தனை கைகுலுக்கல்?"

வெள்ளைக்குள்ளேர்ந்து ஒரு குரல்: "ஆளுக்கு ஒம்பது. அப்போ தொண்ணூறு டீச்சர்."

பின்னாடியிருந்து இன்னொண்ணு: "இன்னாடி, நீ எனக்குக் குடுக்கறதும் நான் உனக்குக் குடுக்கறதும் ஒண்ணுதானே? ரெண்டு வாட்டி எண்ணிட்ட."

ஜன்னலோரம் மெதுவா: "அப்போ பாதி. நாப்பத்தஞ்சு."

மேகத்துக்கே பாடம் நடத்திக்கினு இருக்கேனோன்னு தோணுச்சு.

பனி விலகுச்சு. எல்லாத் தலையும் பழையபடி குனிஞ்சிருந்துச்சு.

"யாரு சொன்னது?"ன்னேன். கடைசியா முன்வரிசைப் பொண்ணு ஒருத்தி தரையைப் பார்த்தே சொன்னா: "பனி வரட்டும் டீச்சர், சொல்றோம்."

போட்டி கீழே கள்ளக்குறிச்சில. அந்த வெயில்ல பனிக்கு நான் எங்க போவேன்? யாருக்காவது ஐடியா இருந்தா சொல்லுங்க.