ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன்

என் அக்காவைப் பொறுத்தவரை குரல் பதிவும் டெலிபோன் மாதிரிதான். பேசி அனுப்புவதுதான் அது, அந்தப் பக்கம் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாது. "பாப்பா, கேக்குதா?" என்பாள். நான் பதில் சொல்வதற்காக நாலு விநாடி காத்திருப்பாள். "சாப்பிட்டியா?" மறுபடியும் காத்திருப்பாள். அந்த இடைவெளியில் காற்று கேட்கும், யாருடைய ஆடோ கத்தும். பிறகு நான் என்னவோ சொல்லிவிட்டது போல, "ம், சரி சரி" என்று தொடர்வாள்.

என்னைவிட நாலு வயது மூத்தவள். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். நான் படிக்க வேண்டும் என்று அவளை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், ஆனால் ஃபோனில் எழுத வராது. அதனால் எல்லாமே குரல்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவள் காம்பராவுக்குள் சிக்னல் கிடையாது. வேலை முடிந்து வரும் வழியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து வளைவில் நின்று பேசி அனுப்புவாள். நான் கண்டியில் ஓர் அச்சகத்தில் கல்யாண அட்டையும் பேனரும் வடிவமைப்பவள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் படம் போகும். நான்தான் பெரிய வேலைக்காரி ஆயிற்றே!

இதோடு கலை செய்கிற பைத்தியமும் எனக்குப் பிடித்திருந்தது. ஃபோனில் பிடித்த சத்தங்களை வெட்டி ஒட்டி, சின்னச் சின்னப் படைப்புகளாக என் இணையப் பக்கத்தில் போடுவேன். கேட்பதற்கு முப்பது பேர் இருந்தால் அதிகம். அப்போதுதான் ஓர் இணையக் கண்காட்சிக்குப் படைப்புகள் கேட்டிருந்தார்கள். சொத்து கையிலேயே இருக்கிறதே என்று அக்காவின் பதிவுகளைத் திறந்தேன். நூற்றுக்கும் மேலே இருந்தன. அவள் எனக்காக விட்டுவைத்த இடைவெளிகளில் கண்டியின் இரைச்சலை நிரப்பினேன். நடத்துநரின் கூவல், அச்சு இயந்திரம், வாவிக்கரை மழை. படம் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் அவள் குரலின் கோடு மட்டும் ஏறி இறங்கும்.

அந்தப் பதிவுகளில் ஒன்று கிசுகிசுப்பாக இருந்தது. "ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன் பாப்பா, வெளிய விட்றாத." அதற்குப் பிறகு விஷயம். பக்கத்துக் காம்பராவில் அக்காவின் கூட்டாளி இருக்கிறாள். இருபது வருடமாக இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள், பகலில் ஒரே சோற்றுப் பெட்டியில் சாப்பிடுபவர்கள். அவளுடைய மகளைக் கம்பளையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகள் லீவுக்கு வந்திருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, புருஷன் விரட்டிவிட்டதை அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள்.

நான் மோசக்காரி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர், ஊர், விஷயம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதையே ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக, திரும்பத் திரும்ப ஓட விட்டேன். கேட்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அக்குறணையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு சிநேகிதிக்கு முதலில் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராத்தாக்கிட்ட கேட்டுத்தானே போடுறீங்க?" என்றாள். அவர்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்கள்.

"ஆமா, ஆமா" என்றேன். பச்சைப் பொய்.

படைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "இது என் அம்மாவின் குரல்" என்று எழுதினார்கள். நாலைந்து நாளில் அந்த ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து, வாயசைத்து, கண்ணைச் சிமிட்டி, வேடிக்கைக் காணொளி செய்யத் தொடங்கினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எண்ணிக்கை ஏற ஏற ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் அக்காவுக்கு ஒரு கட்டைவிரல்கூட அனுப்பவில்லை.

எங்கெங்கோ சுற்றியது மலைக்கும் ஏறத்தானே செய்யும். பிறகு அக்கா வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பெண் தன் ஃபோனில் அதைப் போட்டிருக்கிறாள். "அட, இது நம்ம அக்கா குரலுல்ல!" என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்காவும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்திருக்கிறாள். கூட்டாளி மட்டும் சிரிக்கவில்லை.

"எதச் சொன்ன?" என்று கேட்டாளாம். "ஒந் தங்கச்சிக்கிட்ட எதச் சொன்ன?"

அக்காவுக்கு வாய் எழவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. நான் வெட்டி எறிந்த விஷயத்தை லயமே தேடத் தொடங்கியது. இரண்டு நாள்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டார்கள். கூட்டாளி வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள். சோற்றுப் பெட்டி இரண்டானது.

கேள்விப்பட்ட உடனேயே என் பக்கத்திலிருந்து அதை அழித்தேன். அழித்து என்ன செய்ய? அது ஊரார் ஃபோன்களில் அல்லவா இருந்தது!

அக்கா என்னைத் திட்டவில்லை. நாசமாப் போவாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். தினமும் காலையில் ஒரு படம் வரும். சிவப்பு ரோஜா, பனித்துளி, இனிய காலை வணக்கம். யாரோ அவளுக்கு அனுப்பியதை எனக்குத் தள்ளிவிடுவாள். நான் அழைத்தால் எடுப்பதில்லை. ஒருநாள் நானே குரல் பதிவு அனுப்பினேன். "அக்கா, கேக்குதா?" என்று கேட்டு நாலு விநாடி காத்திருந்தேன். "கோவமா?" மறுபடியும் காத்திருந்தேன். கேட்டுவிட்டதாக அடையாளம் விழுந்தது. மறுநாள் காலை இன்னொரு ரோஜா வந்தது.

போன மாதம் நான் அழைத்தபோது அக்கா வீட்டுக்காரர் எடுத்தார். "கண்டி ஆஸ்பத்திரியில அஞ்சு நாளு வச்சிருந்தாங்க. வயித்துல கட்டி, எடுத்துட்டாங்க. இப்ப வீட்டுலதான் இருக்கா. நான் சொன்னேன்னு சொல்லிறாத, ஒனக்குச் சொல்ல வேணான்னா."

எங்கள் அச்சகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடை. அந்த ஐந்து நாளும் என்ன வந்தது என்று ஃபோனைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து ரோஜாக்கள். வார்டில் படுத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த பஸ்ஸிலேயே ஏறிப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து, "ஏன்க்கா எனக்குச் சொல்லல?" என்று அழுதேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

"ஒனக்கு மட்டும் சொல்ல முடியாதே பாப்பா, இப்ப" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, எனக்குத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.