நான் எழுதிக் கொடுத்த நம்பர்

மாத்தளை டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுப்பது என் வேலை. ஊரில் பாதிப் பேருடைய அடையாள அட்டை என் கையில் ஏறி இறங்கியிருக்கும். முப்பத்து மூன்று வயதில் ஆசை வந்து, சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் படிக்கச் சேர்ந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பயிற்சி தந்தார்கள். பழைய அடையாள அட்டை நம்பரை ஒரு சொல்லைப் போல எடுத்து, எழுத்துக் கூட்டுவது மாதிரி இலக்கம் இலக்கமாகப் பிரிக்க வேண்டும். முதல் எட்டு இலக்கங்களையும் அந்தந்த இடத்துக்குரிய எடையால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் ஒரு மீதி வரும். அந்த மீதியை வைத்து, ஒன்பதாவது இலக்கம் சரிதானா என்று புரோகிராம் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

என் நம்பரைப் போட்டேன், சரி என்றது. முதலாளியுடையதும் சரி. அம்மாவுடையதைப் போட்டேன். பிழை என்றது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவின் நம்பரை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புரோகிராமில்தான் கோளாறு என்று இரண்டு நாள் வரி வரியாகக் குடைந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். கடைசியில் ஒரு கடதாசியில் கையாலேயே பெருக்கிக் கூட்டினேன். அப்போதும் பிழை.

பிறகுதான் யோசித்தேன், அந்த நம்பரை அட்டையில் நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் தலைமுறைக்குப் பிரஜாவுரிமை லேசில் கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு வந்த அட்டையைப் பொலித்தீனில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வோட்டுப் போடும் நாளில்தான் அது வெளிச்சம் பார்க்கும். மூன்று வருடங்களுக்கு முன், வரிசை அறைகளாக இருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது, தனி வீட்டுக்குக் காணி கொடுக்கப் பிரதேச செயலகத்தில் பெயரும் நம்பரும் கேட்டார்கள். அம்மா அட்டையைத் தன் கையிலேயே பிடித்துக் காட்டினாள், நான் பார்த்து எழுதிக்கொண்டேன். பிறகு படிவங்களில் எழுதியதெல்லாம் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.

மூன்று முறை பட்டியல் வந்தது. பக்கத்து அறைகளில் இருந்த காம்பராக்காரர்கள் காணி வாங்கி, வீடு கட்டிப் போய்விட்டார்கள். அம்மாவின் பெயர் மட்டும் வரவில்லை. விவரம் பொருந்தவில்லை, நம்பரை ஒரு தடவை சரிபாருங்கள் என்று பிரதேச செயலகத்து மிஸ் இரண்டு தடவை சொன்னார். என் அம்மாவின் நம்பரை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்று, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் கத்திவிட்டு வந்தேன். தமிழ் ஆட்கள் என்றால் இப்படித்தான் அலைக்கழிப்பார்கள் என்று வீட்டில் வந்தும் சொன்னேன். அம்மா நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். காம்பராச் சுவரின் வெடிப்புக்குள் இப்போது என் கை போனது. அட்டையைக் காட்டச் சொன்னேன். ஏழாவது, எட்டாவது இடங்களில் ஒன்பது, நாலு என்றிருந்தது. மூன்று வருடமாக நான் எழுதிக் கொடுத்தது நாலு, ஒன்பது.

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். படித்த பிள்ளை என்று நம்பிக் கொடுத்ததை நானே கெடுத்திருக்கிறேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டுவாள் என்றுதான் நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கப்புள்ள எழுதுற கொழுந்து எடையக்கூட ஒரு நாளும் பாக்காம விட்டதில்ல புள்ள. நீ எழுதினத மட்டும்தான் பாக்கல."

அந்த மிஸ்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அடுத்த பட்டியல் எப்போது என்றும் கேட்க வேண்டும். கொண்டுபோயிருந்த புதுப் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினேன். அம்மா அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் எழுத எழுத ஒவ்வோர் இலக்கத்தின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாள்.