அவள் அறையின் இரண்டாவது படுக்கை

கப்பலில் தனி ஆளாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆளுக்கான கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அறைக்குத்தான் விலை, ஆளுக்கு இல்லை. செவிலிமேட்டில் என் வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து கைப்பேசியில் இதைப் படித்தேன். படித்ததுமே அந்த அறை கண்ணுக்குள் வந்துவிட்டது. ஒரு சன்னல், ஒரு மேசை, இரண்டு படுக்கை. ஒன்றில் கப்பலேறப் போகும் என் தோழி. இன்னொன்றில் யாரும் இல்லை.

யாரும் இல்லாத அந்தப் படுக்கையின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அது கடலுக்குப் போகிறது. நான் போகவில்லை.

தோழி அடுத்த தெருவில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு தறி, ஆள் வைத்துப் பட்டு நெய்கிறாள். கணவர் இல்லை. ஒரே பெண்ணைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மாலையானால் நாங்கள் இருவரும் பாலாற்றுப் பாலம் வரை நடப்போம். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். நல்ல மழை பெய்த வருடங்களில் பஸ் பிடித்துத் தாமல் ஏரிக்குப் போவோம். எதிர்க்கரை தெரியாத ஒரு கோணத்தைத் தேடிப் பிடித்து நின்றுகொண்டு, இதுதான் கடல் என்று வைத்துக்கொள்வோம். "ஒரு நாளு கப்பல்ல போலாம்டி நாம ரெண்டு பேரும்" என்று முதலில் சொன்னவள் அவள்தான். காற்று வாக்கில் சொல்லிவிட்டு வேர்க்கடலை உரிக்கப் போய்விட்டாள். நான் எழுதுகிறவள், சொற்களை அப்படி விட மாட்டேன். அன்றிலிருந்து கடலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அலை, உப்பு, நங்கூரம், தொடுவானம். பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டேன். அதில் ஒரு முத்திரையும் இல்லை. கஞ்சி போட்ட துணிபோல மொடமொடவென்று பீரோவில் இருக்கிறது.

போன வருடம் ஒரு மாலை நடக்கும்போது அவள் சொன்னாள்:

"சம்பந்திக்கு அறுபது முடியுது இல்ல, மாப்ள கப்பல் புக் பண்ணிக்கிறாரு. ரெண்டு வூட்டுப் பெரியவங்களும் வரணுமாம். மெட்ராஸ்ல ஏறி சிலோன் போய்ட்டுத் திரும்பி வருது."

நான் நின்றுவிட்டேன். "நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? சரின்னேன். நீதான் கப்பல் கப்பல்னு படிச்சிக்கினே இருக்கியே, இன்னா எடுத்துக்கினு போவணும், எது கூடாதுன்னு சொல்லு."

சொன்னேன். பொறாமைக்காரியைப்போல அக்கறையாக ஆலோசனை சொல்ல யாராலும் முடியாது. கப்பலைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். போய் வந்தவர்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்தேன். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் கேட்டு வாங்கு, அங்கேதான் ஆட்டம் குறைவு என்றேன். தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள், சுற்றத் தொடங்குமுன்பே போட வேண்டும் என்றேன். பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும்; அதனால் பாஸ்போர்ட், மாத்திரை, மாற்றுத்துணி ஒன்று, எல்லாம் கைப்பையில். போர்வை மாதிரி ஒரு சால்வை, உள்ளே ஏசி எலும்பைக் குடையும். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடு, நடுக்கடலில் அது எந்த டவரைப் பிடிக்கும், எவ்வளவு பில் தீட்டும் என்று தெரியாது. கரையில் இறங்கினால் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே திரும்பிவிடு, கப்பல் காத்திருக்காது.

"இஸ்திரிப் பெட்டி?" என்றாள்.

"கூடாது."

"பட்டுப்புடவ கசங்கிப்போச்சுன்னா?"

"கசங்கினா கசங்கினதக் கட்டிக்க. நெருப்புப் பிடிக்கிறது எதையும் ஏத்த மாட்டாங்க. விளக்கு, கற்பூரம், மெழுகுவத்தி, கெட்டில், ஒண்ணும் கிடையாது. சமைச்ச சாப்பாடும் கூடாது."

"கோயில் இட்லி கூடவா?"

"இட்லியும் கூடாது."

ஒவ்வொரு 'கூடாது'க்கும் எனக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி. அவளுடைய பயணத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கிற மாதிரி.

கடைசியாக ஒன்று சொன்னேன். "ரூம்ல ரெண்டு கட்டில் தனித்தனியா இருக்கும். ரெண்டையும் சேத்துப் போடச் சொல்லு. சொன்னா செய்வாங்க. பெருசா, வசதியா படுக்கலாம்."

அவளுடைய வசதிக்காக நான் அதைச் சொல்லவில்லை. சேர்த்துவிட்டால் இரண்டாவது படுக்கை என்று ஒன்று இருக்காது.

சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வரும்போதெல்லாம் தோழி எழுந்து நிற்பாள். அவள் வீட்டுக் கூடத்தில், தறியின் சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சொல்லுங்க சம்பந்தி... ஆமாங்க சம்பந்தி... உங்க இஷ்டம்தாங்க" என்பாள். பெண் கொடுத்த வீட்டின் குரல் அது. அந்தக் குரலில் அவள் என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. அதில் எனக்கு ஒரு திமிர். எனக்கு வாடி போடி, அந்த அம்மாவுக்குச் சம்பந்தி மரியாதை. கப்பலில் அத்தனை நாளும் இவள் நின்றுகொண்டேதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நன்றாக இருந்தது.

ஆனாலும் அந்தப் படுக்கை என்னை விடவில்லை. ஒரு நாள் பாலத்தின் மேல் நின்று கேட்டேவிட்டேன்.

"உன் ரூம்ல ஒரு எடம் காலியாத்தானே போவுது. அதுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்காங்க. நான் வரட்டா?"

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே மணலில் யாரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"நீயே யோசிச்சுப் பாரு. மாப்ள வூட்டுக் காசுல என் கூட்டாளிய இட்டுக்கினு போனா, என் பொண்ணத்தான் பேசுவாங்க. உங்கம்மா ஊரையே கூட்டிக்கினு வந்துட்டாங்கன்னு."

"என் பங்கு நான் தர்றேன்."

"அது அதுக்கு மேல. அவங்க கூட்டிக்கினு போற எடத்துல நாம காசு நீட்டினா அவங்கள கொறச்ச மாதிரி." என் கையைப் பிடித்தாள். "கோச்சுக்காதடி."

கோபம் இல்லை என்றேன். கோபம் இல்லைதான். கோபமென்றால் கத்தி முடித்துவிடலாம்.

சம்பந்தியின் பிறந்த நட்சத்திரம் கப்பலில் இருக்கும் நாளில் வந்தது. அதனால் பெண் வீட்டுச் சீரை அங்கேயே வைத்துக் கொடுக்க வேண்டும் என்றாள் தோழி. சம்பந்தியம்மாவுக்குத் தன் தறியிலேயே ஒரு புடவை நெய்ய வைத்தாள். மயில் கழுத்து நிறம், அரக்குக் கரை. அசைத்தால் பச்சை, மடித்தால் நீலம். கடல்தான் அது, வேறென்ன. தறியிலிருந்து அறுத்து எடுத்ததும் என் தோளில் போட்டுப் பார்த்தாள். "உனக்குத்தான்டி எடுப்பா இருக்குது" என்றாள். பிறகு மடித்து வெள்ளைத் துணியில் சுற்றிவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் சரி. தட்டு, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, மஞ்சள் கிழங்கு, பூச்சரம், ஒரு பொட்டலம் கற்பூரம் எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பி வைத்திருந்தாள்.

"தேங்காய் ஏறாதுடி. பழம், பூவு, கற்பூரம் எதுவும் ஏறாது. புடவையையும் வேட்டியையும் குங்குமத்தையும் மட்டும் எடுத்துக்கினு போ. தட்ட அங்கேயே ஏதாவது கேட்டு வாங்கிக்கலாம்."

"தேங்காய் இல்லாம சீரா? வெறுந்தட்டுல வச்சு நீட்டினா அந்தம்மா வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவாங்க."

"துறைமுகத்துல புடுங்கிடுவாங்க."

"என் சாமான அவன் இன்னாத்துக்குப் புடுங்கறான்? கோயிலுக்குப் போறாப்புல தானே போறேன்?"

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. நான் விட்டுவிட்டேன். மாட்டட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னதை இங்கே மறைப்பானேன்.

அவள் போன மறுநாள் மாலை நான் தனியாகப் பாலம் வரை நடந்தேன். அடுத்த நாள் நடக்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டே கப்பல் இப்போது எங்கே நிற்கும் என்று போனில் தேடினேன். வரைபடத்தின் நீலத்தில் ஒரு சின்ன அம்பு. அதை விரலால் பெரிதாக்கினேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் சன்னல் தெரியவில்லை.

இலங்கையில் கரை இறங்கியதும், மாப்பிள்ளையின் போனிலிருந்து கூப்பிட்டாள். சிரிப்பு முதலில் வந்தது, பேச்சு பிறகு.

"புடுங்கிட்டான்டி! நீ சொன்ன மாரியே. தேங்கா, பழம், பூவு, கற்பூரம், அத்தனையும். எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு மானமே போச்சு. வெறுந்தட்ட வச்சிக்கினு நிக்கறேன், அழுகையா வருது. திரும்பிப் பாத்தா, சம்பந்தியம்மா பையில கையவுட்டு அவங்களும் ஒரு தேங்காய எடுத்து அவன்கிட்ட குடுக்கறாங்க!"

"அவங்களுமா?"

"எதிர்ச்சீராம்! எனக்கு வைக்க ஒளிச்சு எடுத்தாந்துக்கிறாங்க. ரெண்டு பேரும் அங்கேயே பெஞ்சுல உக்காந்து சிரிச்சோம் பாரு, செக்யூரிட்டி ஆளே சிரிச்சிட்டான். அப்புறம் எங்க சம்பந்தி, எங்க மரியாதை! எல்லாம் போச்சு."

"சரி. ரூம் எப்படி இருக்குது? கட்டில சேத்துப் போட்டாங்களா?"

"சேத்துத்தான் போட்டிருந்தாங்க. நாங்கதான் பிரிச்சுப் போடச் சொன்னோம்."

நாங்கள். அந்தச் சொல் என் காதுக்குள் ஒரு ஊசியைப்போலப் போய் நின்றது.

"அவங்க வூட்டுக்காரரு கொறட்ட தாங்கலயாம், தலகாணிய தூக்கிக்கினு என் ரூமுக்கே வந்துட்டாங்க. பேசிக்கினே கெடக்கறோம். நல்ல மனுஷிடி."

"நல்லது" என்றேன். "மாத்திரைய மறக்காம போடு. நேரத்துக்குத் திரும்பிடு." வைத்துவிட்டேன்.

பாருங்கள், நான் சொன்னதைக் கேட்டு அவள் தேங்காயை வீட்டிலேயே விட்டிருந்தால், அந்த அம்மா மட்டும் தனியாக மாட்டியிருப்பார். கவுரவமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். இரண்டு வீட்டு மரியாதையும் கப்பலில் பத்திரமாக ஏறியிருக்கும். அந்தப் படுக்கை காலியாகவே போய்க் காலியாகவே திரும்பியிருக்கும். என் ஆலோசனையை மீறியதில் அவளுக்கு இன்னொரு கூட்டாளி கிடைத்துவிட்டார்.

திரும்பி வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சம்பந்தியம்மா அம்மன் கோயிலுக்கு வந்தார். தரிசனம் முடித்துத் தோழியோடு என் வீட்டுக்கும் வந்தார். மயில் கழுத்துப் புடவையைக் கட்டியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆள் கொஞ்சம் குட்டை, கொசுவம் சரியாக விழவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

"நீங்கதான் எல்லாம் சொல்லிக் குடுத்தீங்களாமே!" என்றார் உட்காரும்போதே. "நடுவுல ரூம் கேக்கச் சொன்னீங்களாம், கொஞ்சங்கூட ஆடலைங்க. தேங்கா விஷயத்துலதான் உங்க பேச்சக் கேக்காம ரெண்டு பேரும் கெட்டோம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியும். தாமல் ஏரிக் கரையில் என்னுடையதாக இருந்த சிரிப்பு அது.

பிறகு அந்த அம்மா குரலை இறக்கினார். "ஒண்ணு சொல்லணும்ங்க. முதல் நாளே இவங்க சொல்லிட்டாங்க, இந்த எடம் என் கூட்டாளிக்குன்னு நெனச்சது, கேக்க வாய் வரலன்னு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேனே. தெரியாம உங்க எடத்துல படுத்துட்டேன்."

உங்கள் இடம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. உருமாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"எந்தப் பக்கத்துக் கட்டில்?" என்று கேட்டேன்.

"சன்னல் பக்கம்ங்க. காலைல கண்ணு முழிச்சா கடல்தான்."

காப்பி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன். பால் பொங்கும்வரை அவர்கள் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. தோழி பின்னாலேயே வந்தாள். மேடையில் சாய்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் மூஞ்ச தூக்கிக்கினு இருக்கியா? அடுத்த வருஷம் மூணு பேரும் போலாம்னு அவங்களே சொல்றாங்க, நம்ம காசு, நம்ம இஷ்டம். ஒரே ரூமு. இன்னாடி சொல்ற?"

டம்ளரில் டிகாக்‌ஷனை ஊற்றினேன்.

"சன்னல் பக்கம் எனக்கு" என்றேன்.

"அத நீயும் அவங்களும் பேசித் தீத்துக்கோங்க, என்ன இழுக்காத" என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.