முன்காலுக்குப் பின்னே நாலு விரல்

அவர் மான் கொண்டுவந்தால் நான் அதன் முகத்தைப் பார்க்க மாட்டேன். முன்காலைத் தூக்கி, அதற்குப் பின்னால் பார்ப்பேன். குண்டு போன ஓட்டை அங்கே இருந்தால் கத்தியை எடுப்பேன். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு குறுக்குக் கட்டை உண்டு. அதில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தோலை உரிப்பேன். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓட்டை சரியான இடத்தில் இருக்கிற நாளில் பேசுவதற்கு ஒன்றும் கிடையாது.

அவர் என் வீட்டுக்காரர். சொல்தா. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. எனக்குப் பாகூர். ஐந்தாவது வரைக்கும் படிப்பு. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் பிரான்ஸுக்கு விமானம் ஏறினேன். பட்டாளத்தை விட்டு வந்த பிறகு அவர் அங்கேயே ஒரு கிராமத்தில் வீடு வாங்கினார். பாதி காடு, பாதி கோதுமை வயல். அங்கே மான் அதிகம். வெள்ளாட்டுக் கிடா அளவுதான் இருக்கும். வைத்த மரக்கன்றையெல்லாம் மொட்டையடித்துவிடும். அதனால் வருஷத்துக்கு இத்தனை சுடலாம் என்று சர்க்காரே சொல்லி, அத்தனை பட்டை கொடுக்கும். சுட்ட மானின் காலில் பட்டையைக் கட்டாமல் அங்கிருந்து நகர்த்தக்கூடாது. ஊர்க்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து போவார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி இவரும் சேர்ந்தார். அந்தக் குழுவில் கறுப்பாக இருந்தது இவர் ஒருவர்தான்.

பிறகு மகளோடு பாகூருக்கே திரும்பி வந்தோம். துப்பாக்கியை அங்கேயே ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இங்கே வந்த புதிதில், பக்கத்து நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்தவர், "சொல்தா, பன்னி வந்து மல்லாட்டைய நாசம் பண்ணுதுபா. வேட்டை தெரிஞ்ச ஆளு, ஒண்ணு போடேன்" என்று கேட்டார். "இங்க அதுக்குச் சட்டம் இல்லபா" என்றார் இவர். நல்ல ஆள் என்று நான் சொல்ல வரவில்லை. கோபக்காரர், குடிப்பார், என் தம்பியோடு பத்து வருஷம் பேசவில்லை. மான் விஷயம் மட்டும் வேறு. அதைத்தான் எழுதுகிறேன்.

கடைசியில் பக்கவாதம் வந்தது. இரண்டு வருஷம் படுக்கை. பேச்சு போய்விட்டது. நான்தான் எடுத்தேன், கழுவினேன், ஊட்டினேன். கருமாதி முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் என் நாத்தனார், அவருடைய தங்கை, பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"வாயில்லா ஜீவன சுட்டுச் சுட்டுத் தின்னீங்க இல்ல அண்ணி? அதான் எங்க அண்ணன் வாயில்லாம ரெண்டு வருஷம் கெடந்துச்சு."

"நீ பிரான்சுக்கு வந்து மூணு மாசம் எங்க வூட்ல இருந்தியே, தின்னலியா?"

"தெரியாம தின்னுட்டேன்."

"இன்னும் ரெண்டு துண்டு போடு அண்ணின்னு கேட்டது யாரு? எலும்பக் கடிச்சப்பகூடவா தெரியல?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு அதோடு போயிருக்கும். போகவில்லை. இந்த வருஷம் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தவளக்குப்பத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற குடும்பம். பையனும் இவளும் ஒரே இடத்தில் வேலை, ஒருவரையொருவர் பிடித்துத்தான் வீட்டுக்கே சொன்னார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில், மான் சுட்ட கதையைப் பையனுடைய அம்மாவிடம் என் நாத்தனாரே சொல்லிவிட்டாள். அந்தம்மா வீட்டுக்கு வந்தார்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு. அந்தப் பாவம் கூட வரக்கூடாது இல்லீங்களா? எங்க குலசாமி ஐயனாரு. மண்ணுல ஒரு மான் செஞ்சு வெச்சு, தெரியாம செஞ்சிட்டாரு மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அப்பறம் தட்டு மாத்திக்கலாம்."

"அவரு தெரிஞ்சுதாங்க செஞ்சாரு" என்றேன்.

அந்தம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். மகள் அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை. "ஒரு வார்த்தம்மா. அப்பா வந்து கேக்கப் போறாரா?" என்றாள். "நான் கேப்பேன்" என்றேன். "உன் வீம்பக் காட்ட என் கல்யாணம்தான் கெடச்சுதா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆனாலும் அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

அவர் சுட்ட முதல் மான் தப்பாகப் பட்டது. கொட்டகையில் அதைப் பார்த்தவள் நான். பட்டாளத்தில் இருபது வருஷம் துப்பாக்கி பிடித்த கை. குறி தவறவில்லை. எங்கே வைத்தாரோ அங்கேதான் பட்டது. வைத்த இடம்தான் தப்பு. உடம்பின் நடுவைப் பார்த்துச் சுடு என்பது பட்டாளத்துப் பாடம். மனுஷனுக்கு நடுவில் நெஞ்சு. நாலு கால் பிராணிக்கு நடுவில் வயிறு. குண்டும் தப்பு. மேலே முழுக்கச் செம்பு போர்த்திய கூரான குண்டு, பட்டாளத்தில் பழகியது. அது விரியாது. ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். சண்டையில் ஆள் விழுந்தால் போதும், சாக வேண்டியதில்லை. மான் விழவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு முட்புதருக்குள் போனது. மூன்றாவது தப்பு, இவர் உடனே துரத்தினார். விட்டிருந்தால் பக்கத்திலேயே படுத்திருக்கும். துரத்தத் துரத்த அது இன்னும் உள்ளே போனது. காலையில் பட்டது. வேறு ஊரிலிருந்து இரத்த வாசனை பிடிக்கிற நாயைக் கொண்டுவந்து கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அப்போதும் உயிர் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்ததாம்.

கட்டையில் தொங்கவிட்டு நான் வயிற்றைத் திறந்தேன். அந்த நாற்றத்தை எழுத முடியாது. தின்ற புல் பச்சையாக உள்ளே எல்லா இடத்திலும் கிடந்தது. இவர் வெளியே போகவில்லை. கடைசி வரைக்கும் நின்றார். "வயித்துல சுட்டுட்டேன்டி" என்றார். மூன்று முறை சொன்னார். அந்தக் கறியை யாரும் தின்னவில்லை. குழி தோண்டிப் புதைத்தார்.

மறுநாள் ஒரு அட்டையில் மான் படம் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். உள்ளே நெஞ்சு, ஈரல் எல்லாம் வரைந்திருந்தார். தப்பாக இருந்தது. ஆடு வெட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். பண்டிகைக்குப் பண்டிகை குடலை அலசினவள். "ஈரல் அங்க இல்ல, முன்னாடி" என்றேன். பென்சிலை என்னிடம் கொடுத்தார். முன்காலை மடக்கினால் முழங்கை எங்கே போய் இடிக்கிறதோ அதற்கு நேர் உள்ளேதான் இதயம். அதற்கு மேலே, பின்னால், இரண்டு பக்கமும் நுரையீரல். காலுக்கு ஒட்டினாற்போல் பின்னால், முழங்கைக்கு மேலே நாலு விரல். அங்கே பட்டால் மூச்சும் ரத்தமும் ஒன்றாக நின்றுபோகும். ரொம்பப் பின்னால் போனால் வயிறு. முன்னால் போனால் தோளில் இருக்கிற சப்பை எலும்பு உடையும், சப்பைக் கறி முழுக்க ரத்தம் கட்டி வீணாகும். நான் கோடு போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே அது பாவம் என்றால் அதில் பாதி என் கையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு குண்டை மாற்றினார். முனையில் ஈயம் தெரிகிற குண்டு. பட்டதும் காளான் மாதிரி விரியும். அதிலும் கடையில் கொடுத்ததை வாங்கிவரவில்லை. ஒரு வகை ரொம்ப மிருதுவானது, இந்தச் சின்ன மானில் தோலுக்கு அடியிலேயே சிதறும். இன்னொன்று காட்டுப்பன்றிக்கு உள்ளது, கெட்டி, விரிவதற்குள் வெளியே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடிப் பிடித்தார். நான் உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்த துண்டுகளைக் கழுவி, ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்துப் பார்ப்பார். நூறு அடிக்கு மேல் சுட மாட்டார். தலையில் சுட மாட்டார். தலை ஆடிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் விலகினால் தாடை போகும், தாடை போன மான் பசியில் சாகும். பரண் மேல் உட்காருவார், குண்டு தாண்டினாலும் மண்ணுக்குள் போகட்டும் என்று. சுட்டதும் இறங்க மாட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு போய், அது நின்ற இடத்தில் ரத்தம் பார்ப்பார். நுரைத்து வெளுத்த சிவப்பு என்றால் நுரையீரல். ஐம்பது அறுபது அடியில் கிடக்கும். அதற்கு நடந்தது என்னவென்று தெரிவதற்கு முன்னால் முடிந்திருக்கும்.

ஒரு வருஷம் குழுத் தலைவர் இவரை நல்ல இடத்தில் நிறுத்தினார். எல்லாரும் பார்க்க ஒரு மான் வந்து நின்றது. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. இவர் சுடவில்லை. அது திரும்பவும் இல்லை, போய்விட்டது. சொல்தாவுக்குக் கை நடுங்குகிறது என்று தலைவர் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள். "அப்படிச் சுட்டா குடலக் கிழிச்சிக்கினுதான் குண்டு நெஞ்சுக்குப் போகும். நான் சுட மாட்டேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதை எனக்குச் சொன்னபோது தமிழில் சொன்னார். அவர்களுக்கு அவர்கள் பாஷையில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. இரண்டு வருஷம் இவரை ரோட்டோரத்தில் நிறுத்தினார்கள். அங்கே மான் வராது, கார்தான் வரும். ஒரு நாள் கூடத் தவறாமல் பிளாஸ்க்கில் காப்பியோடு போய் நின்றார். கெஞ்சவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை.

இதெல்லாம் அந்தம்மாவுக்கு எப்படிப் புரியவைக்க? நான் பேசத் தெரிந்தவள் இல்லை. மகள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் போனது. பிறகு வில்லியனூருக்குப் பஸ் ஏறினேன். மண்பொம்மை செய்கிறவரிடம் ஒரு மான் வேண்டும் என்றேன்.

"குதிர கேப்பாங்க, யானை கேப்பாங்க. மான் யாரும் கேட்டதில்லமா. படுத்த மாதிரியா, நின்ன மாதிரியா?"

"நின்ன மாதிரி. வயிறு நல்லா தெரியணும். வால் வெக்காதீங்க. அந்த மானுக்கு வாலு தெரியாது."

"வாலில்லாத மானா? சாமி இன்னாதுன்னு கேட்டா?"

"என்னக் கேக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐயனார் கோயிலுக்கு வரச் சொல்லி மகளிடம் சொல்லி அனுப்பினேன். பையனுடைய அம்மா வந்திருந்தார்கள். என் நாத்தனாரும் வந்திருந்தாள், நான் தலை குனிவதைப் பார்க்க. மண் மானைக் குதிரைகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். பூசாரி கற்பூரத்தைக் காட்டிவிட்டு, "பேரச் சொல்லி வேண்டிக்கம்மா" என்றார். குங்குமத் தட்டை நீட்டினார். நான் எடுத்து மானின் நெற்றியில் வைக்கவில்லை. வயிற்றில் வைத்தேன்.

"எங்க வூட்டுக்காரரு ஒரு மான இங்க சுட்டாரு. அது நாள் முழுக்கத் துடிச்சுது. அந்த ஒண்ணுக்கு மன்னிச்சுக்க சாமி."

அவ்வளவுதான் சொன்னேன். பையனுடைய அம்மா காத்திருந்தார்கள்.

"மத்ததுக்கெல்லாம்?"

"மத்ததுக்குச் சொல்ல மாட்டேங்க. அது எதுவும் துடிக்கல. வலிக்காம சாவணும்னு அந்த மனுஷன் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்க வூட்ல இன்னிக்கு வாங்குன ஆடு எப்படி செத்துச்சுன்னு கேட்டீங்களா? நான் கேக்காம வாங்க மாட்டேன்."

என் நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கெடுத்துட்டியே அண்ணி. பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே."

பையனுடைய அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்கள். "நீ சொல்லு கண்ணு. அப்பாவுக்காக நீயாவது ஒரு வார்த்த சொல்லிடு. போதும்."

மகள் அந்த மண் மானையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதல் மான் கொட்டகையில் தொங்கியது அவள் பிறப்பதற்கு முன்னால். வயிற்றில் பட்ட மானைப் பற்றி அவர் அவளிடம் சொன்னது கிடையாது. நானும் சொன்னது கிடையாது.

"அம்மா சொல்லிட்டாங்களே அத்த" என்றாள். "அப்பாவா இருந்தாலும் அவ்ளோதான் சொல்லியிருப்பாரு."

"சரி. நாங்க யோசிச்சு சொல்றோம்" என்றார்கள் அந்தம்மா.

"யோசிங்க அத்த. நாங்களும் யோசிக்கிறோம்."

என்னைக் கேட்காமல்தான் அதைச் சொன்னாள். தேங்காய் மூடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. கை ஆடவில்லை. "ஏறும்மா" என்றாள். ஏறி உட்கார்ந்தேன்.