லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம்

கொழும்பில் இருந்து எந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலம் பறக்க வேண்டும் என்று அந்த நாட்களில் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பம்பலப்பிட்டியில் ஒரு பயண முகவர் கந்தோரில் வேலை. போர்க்காலம், பாதி யாழ்ப்பாணம் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றது. லண்டனுக்கு நேராகப் போனால் பதினொரு மணித்தியாலம், எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம்.

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் மாமி வாடகைக்கு எடுத்திருந்த அனெக்ஸில் தங்கியிருந்தேன். மாமி என் அப்பாவின் தங்கை. அவருடைய மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள். அத்தான் முதலில் லண்டன் போவார், பிறகு என்னை எடுப்பார், அங்கே கலியாணம். ரிக்கெற்றை மட்டும் அவர் என்னிடம் எடுக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் யாரோ மலிவாகப் போட்டுத் தருகிறார்களாம். ஊருக்கெல்லாம் ரிக்கெற் எழுதுகிறவளுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் நம்பினேன். கட்டிக்கொள்ளப் போகிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவர் போனது ஒரு பௌர்ணமிப் போயா நாள் விடியற்காலை. எனக்கு லீவு. கட்டுநாயக்கா விமான நிலையம் வரை நானும் வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் பிள்ளை, வழியெல்லாம் செக்பொயின்ற், வீண் கரைச்சல்" என்று மாமி மறித்துவிட்டார். அத்தான் தனியாக வாடகை வான் ஒன்றில் ஏறிப் போனார்.

ஒருவர் பயணம் போனால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீடு கூட்டக்கூடாது. மாமி இதில் வலு கண்டிப்பு. முந்தி ஒருமுறை சிந்திய சோற்றைக் கூட்டப் போய் நான் அவரிடம் வாங்கிக் கட்டியது கொஞ்சமல்ல.

அன்று காலை பத்து மணிபோல் மேல்மாடியில் வீட்டுக்காரரின் ரெலிபோன் அடித்தது. மாமிக்கு என்று கூப்பிட்டார்கள். போனார், பேசினார், முகம் மலர இறங்கி வந்தார். வந்த கையோடு மூலையில் இருந்த தும்புத்தடியை எடுத்து வீட்டைக் கூட்டத் தொடங்கினார்.

தேத்தண்ணிக் கோப்பையுடன் பார்த்துக்கொண்டு நின்றேன். லண்டன் விமானம் என்றால் அந்த நேரத்துக்குப் பாதி வழிகூடப் போயிருக்காது.

"மாமி, அத்தான் எங்க இறங்கினவர்?"

தும்புத்தடி நின்றது. பொய் ஒன்றைத் தேட அவருக்கு நேரம் போதவில்லை.

"மெட்ராசில. கனடாப் பொம்பிளை பேசியிருக்கு. தாய் தகப்பனோட அங்க வந்து நிக்குது. அவையளுக்கு இஞ்ச வரப் பயம். உனக்குப் பிறகு ஆறுதலாச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அத்தான் ஏமாற்றியதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். முதல்நாள் அவருடைய பெட்டியை அடுக்கியது நான். லண்டன் குளிருக்கென்று கம்பளிச் சட்டையை மடித்து மேலே வைத்தேன். மாமி பக்கத்தில் இருந்து, "கையுறையையும் வை பிள்ளை" என்றார். அதைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

மாமி மிச்சத்தையும் கூட்டி முடித்தார். பிறகு, வரும்போது பாண் வாங்கி வா என்று சொல்லுகிற அதே குரலில் கேட்டார்.

"வாற கிழமை கலியாணம். உன்ர கந்தோரில எனக்கும் ஒரு ரிக்கெற் போட்டுத் தருவியோ?"

வடக்கில் இருந்து வந்த தமிழர் பொலிஸில் பதியாமல் கொழும்பில் தங்க முடியாது; என்னுடைய பதிவு அந்த வீட்டு விலாசத்தில், அவருடைய பெயருக்குக் கீழே இருந்தது. அவர் வெளியே போ என்றால் கொழும்பில் எனக்கு ஓர் இரவு தங்க இடமில்லை. அது தெரிந்துதான் சொன்னேன்.

"ஏலாது, மாமி."